இரவு 1.40க்கு யார் தொலைபேசியை எடுக்கிறார்கள்?

எங்கள் பல்கலைக்கழகங்களில் ஒரு மாணவர் தாக்கப்பட்டாலோ, பகிடிவதையால் ஒருவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டாலோ இரண்டு கோரிக்கைகள் உடனே எழுகின்றன. வளாகத்துக்குள் கமராக்களைப் பொருத்துங்கள் என்பது ஒன்று. வளாகத்துக்குள் பொலிஸாரை விடுங்கள் என்பது மற்றது. முதலாவதைப் பற்றி நிர்வாகங்கள் அறிக்கை விடுகின்றன, இரண்டாவதை எதிர்த்து மாணவர் ஒன்றியங்கள் அறிக்கை விடுகின்றன. சில வாரங்களில் எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. இவ்வளவு பேச்சுக்கு நடுவிலும் ஒரு சின்னக் கேள்வி கேட்கப்படுவதில்லை: அந்த மாணவர் உதவி கேட்டு அழைத்தபோது தொலைபேசியை எடுத்தவர் யார்? அவர் என்ன கேட்டார், எதை எழுதி வைத்தார், யாரிடம் சொன்னார்?

இந்தக் கேள்வியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சில காலம் அந்தத் தொலைபேசிக்கு முன்னால் நான் இருந்திருக்கிறேன்.

ஊடகக் கற்கையில் முதுமாணிப் படிப்புக்காக அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். மாணவர் விசாவில் இருப்பவர்கள் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். நூலகம், உணவகம் என்று தேடி அலைந்து கடைசியில் கிடைத்தது, வளாகப் பொலிஸின் தொடர்பாடல் அறையில் இரவு நேர மாணவ உதவியாளர் வேலை. யுத்தத்துக்குள் வளர்ந்த ஒருவர் பொலிஸ் நிலையத்துக்குள் சம்பளத்துக்குப் போய் உட்காருவது எப்படியிருக்கும் என்று இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அம்மாவிடம் “கம்பஸ் ஒபிஸில வேலை” என்று மட்டும் சொன்னேன்.

அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குச் சொந்தமாகப் பொலிஸ் பிரிவு உண்டு. இவர்கள் வாசலில் நிற்கும் காவலாளிகள் அல்லர். துப்பாக்கி வைத்திருப்பவர்கள், கைதுசெய்யும் அதிகாரம் உள்ளவர்கள். 1894 இல் யேல் பல்கலைக்கழகம் இரண்டு நகரப் பொலிஸாரைத் தனக்கென்று அமர்த்திக்கொண்டதிலிருந்து இந்த வழக்கம் தொடங்குகிறது. பொலிஸ் பிரிவு இருந்தால் அதற்கு அழைப்புகளை ஏற்று வண்டிகளை அனுப்பும் ஓர் அறையும் வேண்டும். அந்த அறையில் இருப்பவர்களை அங்கே டிஸ்பட்சர் என்கிறார்கள். 911 அழைப்பை ஏற்பது, கணினியில் பதிவைத் திறப்பது, ரேடியோவில் உத்தியோகத்தரை அனுப்புவது, அம்புலன்ஸையும் தீயணைப்புப் பிரிவையும் சேர்த்துக்கொள்வது என எல்லாம் ஒரே ஆளின் இரண்டு கைகளால் நடக்கும்.

என்னைப் போன்ற மாணவ உதவியாளர்களுக்கு 911 அழைப்பை எடுக்கவோ, குற்றப் பதிவுகள் உள்ள கணினியைத் தொடவோ அனுமதியில்லை. அவசரமற்ற இலக்கத்துக்கு வரும் அழைப்புகளும் வளாகம் முழுக்க நட்டிருக்கும் நீல விளக்குத் தொலைபேசிகளும்தான் எங்கள் பங்கு. கதவு பூட்டிக்கொண்டுவிட்டது, சைக்கிளைக் காணவில்லை, மேல்மாடியில் சத்தம், நூலகத்திலிருந்து விடுதிக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்பவைதான் பெரும்பாலும் வரும்.

முதல் நாள் கற்றுத்தந்த முதல் பாடம், “என்ன நடந்தது?” என்று தொடங்கக் கூடாது என்பது. “எங்கே இருக்கிறீர்கள்?” என்பதே முதல் கேள்வி. தொடர்பு துண்டிக்கப்பட்டால், என்ன நடந்தது என்று தெரியாமலும் ஆளை அனுப்பலாம். எங்கே என்று தெரியாமல் அனுப்ப முடியாது. புதிதாக வந்த வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டடங்களின் பெயர் தெரியாது. “பெரிய மரத்துக்குப் பக்கத்தில” என்பார்கள். நானும் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான் என்பதால் அந்த அழைப்புகளை என்னிடம் தள்ளிவிடுவார்கள்.

இரண்டாவது பாடம் எல்லைக்கோடு. சுவரில் ஒரு பெரிய வரைபடம் இருந்தது. வளாகத்தின் எல்லை சிவப்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நகரப் பொலிஸ். கைத்தொலைபேசியில் 911ஐ அழுத்தினால் பல இடங்களில் அழைப்பு முதலில் நகரத்தின் அல்லது மாவட்டத்தின் நிலையத்துக்கே போகும். அங்கே எடுப்பவர் “வளாகமா? அப்படியென்றால் மாற்றிவிடுகிறேன்” என்பார். மாற்றும் அந்தச் சில விநாடிகளில்தான் ஒரு மனிதரின் கதை இரண்டாவது தடவை முதலிலிருந்து தொடங்குகிறது.

நான் கேட்காத கேள்வி

ஒரு பெப்ரவரி இரவு, நேரம் 1.40. அவசரமற்ற இலக்கத்தில் ஒரு மாணவி. நூலகத்தில் நிற்கிறாராம், வீட்டுக்குப் போகத் துணை வேண்டுமாம். முகவரி கேட்டேன். சிவப்புக் கோட்டிலிருந்து ஒரு தெரு வெளியே இருந்தது. துணைக்கு வரும் சேவை எல்லை வரைதான் என்பது விதி. மரியாதையாகச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு “சரி, நன்றி” என்று வைத்துவிட்டார். பதிவில் ‘சேவை எல்லைக்கு வெளியே’ என்று தட்டச்சு செய்து மூடினேன்.

பக்கத்தில் இருந்த மூத்த டிஸ்பட்சர், இருபது வருடமாக இந்த வேலையில் இருப்பவர், ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டுக் கேட்டார்: “அவர் ஏன் இன்றைக்குத் துணை கேட்டார்?” எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. அதற்கு முன் அந்த இலக்கத்திலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்ததேயில்லை என்பதை அவர் திரையில் காட்டினார். இத்தனை மாதம் தனியே நடந்து போனவர் இன்றைக்கு ஏன் கேட்கிறார்? யாராவது பின்னால் வருகிறார்களா?

திருப்பி அழைத்தோம். எடுக்கவில்லை. நூலகத்துக்கு ஓர் உத்தியோகத்தர் போனார். மாணவி அங்கே இல்லை. நகரப் பொலிஸாரிடம் சொன்னோம், அவர்கள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். ஒன்றும் இல்லை. அவர் பத்திரமாக வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால், எனக்குத் தெரியாது. இந்த வேலையில் பெரும்பாலான கதைகளுக்கு முடிவு தெரியாது. அடுத்த அழைப்பு வந்துவிடும்.

நான் செய்ததில் விதிமீறல் எதுவும் இல்லை. பதிவில் எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. பிற்பாடு இந்தத் துறையைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது, பெரிய அனர்த்தங்கள் பலவற்றின் உள்ளே இதே போன்ற ஒரு பிழையற்ற பதிவு கிடப்பதைக் கண்டேன்.

யூட்டாவில் நடந்தது

2018 ஒக்டோபரில் யூட்டா பல்கலைக்கழகத்தில் லோரன் மெக்கிளஸ்கி என்ற 21 வயது மாணவி, தான் உறவை முறித்துக்கொண்ட ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உதவி கேட்காதவர் அல்லர். அந்த நபர் தன் பெயரையும் வயதையும் மறைத்தவர் என்பதையும், பாலியல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் என்பதையும் அறிந்து விலகிய பிறகு, படங்களைக் காட்டி மிரட்டிப் பணம் பறிக்கப்படுவதாக வளாகப் பொலிஸாரிடம் முறையிட்டார். நடவடிக்கை இல்லை என்ற பயத்தில் சோல்ட் லேக் நகரப் பொலிஸின் இலக்கத்துக்கும் அழைத்தார். அங்கிருந்து அவர் மீண்டும் வளாகப் பொலிஸாரிடமே அனுப்பப்பட்டார். மிரட்டியவர் பரோலில் இருந்தார். அதைச் சரிபார்த்திருந்தால் அவரை உள்ளே தள்ளப் போதுமான காரணம் இருந்தது. வளாகப் பொலிஸார் அதைச் சரிபார்க்கவில்லை. ஒக்டோபர் 22ஆம் திகதி இரவு, தாயுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டு வளாகத்துக்குள் நடந்தபோது அவர் பிடிக்கப்பட்டார்.

2020 இல் பல்கலைக்கழகம் 13.5 மில்லியன் டொலருக்கு வழக்கை முடித்துக்கொண்டது. இது தடுத்திருக்கக்கூடிய மரணம் என்பதையும் அப்போதுதான் ஏற்றுக்கொண்டது. இந்த வழக்கில் ஆயுதத்துக்கோ வாகனத்துக்கோ குறைவிருக்கவில்லை. ஒருவர் கேட்டது அடுத்தவரின் மேசைக்குப் போய்ச் சேரவில்லை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வோர் அழைப்பும் சின்ன முறைப்பாடு. வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பெண் துரத்தப்படுவது தெரிகிறது. வரிசையாக வைத்துப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

வேர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16ஆம் திகதி நடந்ததும் தகவல் நகராத கதைதான். காலை 7.15 அளவில் விடுதியொன்றில் இருவர் சுடப்பட்டனர். தனிப்பட்ட தகராறு என்று கருதப்பட்டது. மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26க்கு. ஏறத்தாழ 9.40க்கு அதே நபர் வகுப்பறைக் கட்டடமொன்றுக்குள் நுழைந்து சுடத் தொடங்கினார். அன்று கொல்லப்பட்டவர்கள் 32 பேர்.

இத்தனைக்கும் அமெரிக்காவில் அப்போதே சட்டம் இருந்தது. 1986 இல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்ட பிறகு, அவரது பெற்றோரின் போராட்டத்தால் 1990 இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. இன்று அது கிளெரி சட்டம் எனப்படுகிறது. வளாகத்தில் நடக்கும் குற்றங்களின் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் வெளியிட வேண்டும், ஆபத்து இருந்தால் உரிய நேரத்தில் எச்சரிக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. வேர்ஜினியா டெக் சம்பவத்துக்குப் பிறகு 2008 இல் உடனடி அவசர அறிவித்தலும் சட்டக் கடமையாயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கேட்டுப் பெற்ற சட்டம் இது என்பதை நாங்கள் கவனிக்க வேண்டும். எந்த நிர்வாகமும் தன் பிழைகளின் கணக்கைத் தானாக வெளியிடுவதில்லை.

அமைதியாக இருப்பதும் குற்றமா?

கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவது ஒரு தவறு. சொன்னதையெல்லாம் அப்படியே நம்பி ஆளை அனுப்புவது அதன் மறுபக்கம்.

2018 ஏப்ரல் 30ஆம் திகதி கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க நியூ மெக்சிகோவிலிருந்து பல மணிநேரம் கார் ஓட்டிக்கொண்டு இரண்டு சகோதரர்கள் வந்தார்கள். அமெரிக்கப் பூர்வகுடியினர், வயது 19, 17. சுற்றுலாக் குழுவில் சற்றுத் தாமதமாகச் சேர்ந்துகொண்டார்கள். அதிகம் பேசவில்லை. அதே குழுவில் வந்த ஒரு தாய்க்கு அது பயத்தைக் கொடுத்தது. பொலிஸை அழைத்தார். வளாகப் பொலிஸார் வந்து இருவரையும் ஒதுக்கி நிறுத்திச் சோதித்தார்கள். பதிவு செய்ததற்கான மின்னஞ்சலைக் காட்டிய பிறகு விட்டார்கள். அதற்குள் குழு போய்விட்டது. பிள்ளைகள் திரும்பி வீட்டுக்குக் காரை ஓட்டினார்கள். பல்கலைக்கழகம் பின்னர் மன்னிப்புக் கேட்டது.

இந்தச் செய்தியை வாசித்தபோது சோதனைச் சாவடியில் இறங்கி நின்ற நாட்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. பேசினால் உச்சரிப்பு சந்தேகம், பேசாமல் நின்றால் அமைதி சந்தேகம். அப்படி வளர்ந்த ஒருவருக்குத் தொடர்பாடல் அறையில் மிகவும் உறைத்த பாடம் இதுதான்: “சந்தேகத்துக்குரிய ஒருவர்” என்று யாராவது அழைத்தால், அவர் யார் மாதிரி இருக்கிறார் என்பதற்கு முன்னால், அவர் என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டும். கதவை உடைக்கிறாரா? யாரையாவது தொடர்கிறாரா? கதிரையில் இருந்து சாப்பிடுகிறாரா? அந்த ஒரு கேள்விக்குப் பிறகு சில அழைப்பாளர்கள் தயங்குவார்கள். “ஒன்றும் செய்யவில்லை, ஆனால்…” என்பார்கள். அந்த ‘ஆனால்’ வரும்போது உத்தியோகத்தரை அனுப்பலாமா, எந்தச் சொற்களில் ரேடியோவில் சொல்லலாம் என்பது டிஸ்பட்சரின் கையில் இருக்கிறது. ஆயுதத்தோடு போகிறவர் கதவைத் திறக்கும் முன்னரே அவர் தலைக்குள் ஒரு படம் இருக்கும். அந்தப் படத்தை வரைவது ரேடியோவில் வந்த குரல்.

இவ்வளவு பொறுப்பும் உள்ள இந்த வேலையை அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாடு எங்கே வைத்திருக்கிறது தெரியுமா? பொலிஸாரும் தீயணைப்பு வீரரும் இருக்கும் பாதுகாப்புச் சேவைப் பிரிவில் அல்ல. அலுவலக மற்றும் நிர்வாக உதவிப் பிரிவில், எழுதுவினைஞர்களோடு. இதை மாற்றக் கோரும் சட்டமூலம் 2019 முதல் பல தடவை காங்கிரஸில் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. இது வெறும் பட்டப் பெயருக்கான சண்டை அல்ல. ஒரு வேலையை எழுதுவினை என்று வகுத்தால் அதற்கான பயிற்சியும் ஓய்வும் உளநல உதவியும் அந்த அளவிலேயே கிடைக்கும். இரவு முழுக்க மற்றவர்களின் அலறலைக் கேட்டுவிட்டு விடிய வீட்டுக்குப் போகும் அந்த மூத்த டிஸ்பட்சர், காரில் ஏறி ஐந்து நிமிடம் எதுவும் செய்யாமல் இருப்பதை நான் பல காலைகளில் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு இதில் என்ன?

எங்கள் வளாகங்களுக்குப் பொலிஸ் வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் உயிரிழந்தபோது முதலில் அது விபத்து என்றே சொல்லப்பட்டது. பொலிஸாரின் துப்பாக்கிச் சூடு என்பது பிறகுதான் வெளிவந்தது. அந்த நினைவு உள்ள ஊரில் வளாகப் பொலிஸ் என்பது பாதுகாப்பின் பெயராக ஒலிக்காது. தெற்கிலும் 1971ஐயும் 1987-89ஐயும் மறக்காதவர்கள் இருக்கிறார்கள்.

நான் பேசுவது துப்பாக்கியைப் பற்றியல்ல, தொலைபேசியைப் பற்றி. பொலிஸ் இல்லாமலும் அந்த மேசையை அமைக்கலாம்.

1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. தண்டனைகள் கடுமையானவை. ஆனால், அந்தச் சட்டம் வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் ஒரு மாணவர் வாய் திறக்க வேண்டும், அந்த வாயைத் திறக்கும் நேரத்தில் மறுமுனையில் ஒருவர் இருக்க வேண்டும். பகிடிவதை அலுவலக நேரத்தில் நடப்பதில்லை. இரவில், விடுதியில், வாடகை அறையில் நடக்கிறது. பல சமயம் வளாகத்தின் சுவருக்கு ஒரு தெரு வெளியே நடக்கிறது. “அது வளாகத்துக்கு வெளியே” என்று சொல்லும் பதில் எங்களுக்கும் புதிதல்லவே.

மொழி அடுத்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. ஆனால், அவசர இலக்கமொன்றை அழைத்துத் தமிழில் பேசத் தொடங்கி, சிங்களத்தில் கேள்வி வர, பக்கத்தில் நின்றவரிடம் தொலைபேசியைக் கொடுத்த அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. பக்கத்தில் நிற்பவரே அடிப்பவராக இருந்தால் யாரிடம் கொடுப்பது? மொறட்டுவையிலும் பேராதனையிலும் றுகுணுவிலும் படிக்கும் தமிழ் மாணவருக்கு இந்தக் கேள்வி இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படிக்கும் சிங்கள மாணவிக்கும் இதே கேள்வி இருக்கிறது. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018 இல் வடக்குக்கும் வந்த 1990 அம்புலன்ஸ் சேவை, ஒரே இலக்கமும் அதற்குப் பின்னால் ஒரு ஒழுங்கும் இருந்தால் இந்த நாட்டிலும் மக்கள் நம்பி அழைப்பார்கள் என்பதைக் காட்டியிருக்கிறது.

ஆகவே, அடுத்த தடவை ஒரு வளாகத்தில் ஏதாவது நடந்து, கமரா பூட்டப் போவதாக உபவேந்தர் ஒருவர் அறிவித்தால், ஊடகவியலாளர்களும் பெற்றோரும் மாணவர் ஒன்றியங்களும் அவரிடம் கேட்க வேண்டியவை இவை. இரவில் மாணவர் அழைக்கும் இலக்கம் எது? அது புதுமுக மாணவரின் கையில் முதல் நாளே கொடுக்கப்படுகிறதா? எடுப்பவருக்கு இரண்டு மொழியும் தெரியுமா, என்ன கேட்க வேண்டும் என்று பயிற்சி இருக்கிறதா? அழைப்பு நேரத்தோடு பதியப்படுகிறதா, அல்லது காவலாளியின் ஞாபகத்தில் இருக்கிறதா? ஒரே மாணவர் மூன்று தடவை அழைத்தால் அந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது யார்? எல்லைக்கு வெளியே என்றால் அடுத்த இடத்துக்குத் தகவலைக் கொடுப்பது யார், மாணவரா, பல்கலைக்கழகமா? ஆண்டு முடிவில் எத்தனை அழைப்புகள் வந்தன, என்ன செய்யப்பட்டது என்ற கணக்கு வெளியிடப்படுமா?

இவற்றுக்குக் கமராவை விடச் செலவு குறைவு. ஆனால், கமரா எதையும் திருப்பிக் கேட்காது. தொலைபேசிக்கு முன்னால் ஒருவரை இருத்தினால் அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை நிறுவனத்துக்கு வந்துவிடும். அதனால்தான் இந்த மேசையை யாரும் விரும்பிப் போடுவதில்லை என்று நினைக்கிறேன்.

அந்த பெப்ரவரி இரவின் பதிவை நான் மூடிய பிறகு, மூத்த டிஸ்பட்சர் அதைத் திரும்பத் திறந்து கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: ‘துணை கேட்ட காரணம் கேட்கப்படவில்லை.’ என் பெயரோடு அது அங்கே இன்னும் இருக்கும். நாளைக்கு அந்த மாணவி மறுபடி அழைத்தால், அப்போது அங்கே இருப்பவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு முதலில் அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதச் சொன்னார்.